பன்னிரண்டாம் ஆள்: டெக்சஸ் ஏ அண்ட் எம் கால்பந்து அணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் போகும் நம் பிள்ளைகள், போன முதல் மாதத்திலேயே வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லும் செய்திகளில் கால்பந்து கட்டாயம் இருக்கும். நள்ளிரவில் ஆயிரக்கணக்கான பேர் மைதானத்தில் கூடிக் கத்துகிறார்கள், ஒரு நாய்க்கு எல்லோரும் மரியாதை தருகிறார்கள், ஆட்டம் முடியும்வரை யாரும் உட்காருவதில்லை என்றெல்லாம் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அப்படி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இந்த அணியின் மரபுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அதனால் சில இடங்களில் பதில் நீண்டுவிட்டது.

முதலில், இது எந்தக் கால்பந்து?

நம் ஊரில் ஃபுட்பால் என்றால் நினைவுக்கு வரும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதும்தான் இதில் பிரதானம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜமாவது முன்னேறிவிட்டால் மறுபடியும் 4 வாய்ப்புகள் கிடைக்கும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. இந்தப் பக்கத்தைப் படிக்க இவ்வளவு போதும். பக்கத்துக்கு 11 பேர் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இது எங்கே இருக்கிறது? மரபுகளில் ஏன் இவ்வளவு ராணுவ வாடை?

ஹூஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊர். கல்லூரிக்காக ரயில் நின்ற இடம், பிறகு ஊராகவே வளர்ந்துவிட்டது. 1876ல் அங்கே டெக்சஸ் மாநிலத்தின் விவசாய, இயந்திரவியல் கல்லூரி தொடங்கியது. ஏ, எம் என்ற இரண்டு எழுத்துகளும் அந்தப் பழைய பெயரின் மிச்சம். 1963ல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியபோதும் எழுத்துகளை விடவில்லை. மாணவர்களை ஆகீகள் என்பார்கள். விவசாயக் கல்லூரி மாணவர்களுக்கு அமெரிக்காவில் வழங்கிய செல்லப்பெயர் அது.

1965 வரை இங்கே சேரும் மாணவர்கள் கோர் ஆஃப் கடெட்ஸ் என்ற பயிற்சிப் படையில் சேர்ந்தே ஆக வேண்டும். சீருடை, காலை பியூகிள், வருகைப் பதிவு, மூத்தவருக்கு வணக்கம் என்று நான்கு ஆண்டும் அப்படியே போகும். சுற்றிலும் பெரிய நகரம் கிடையாது. பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததே 1963ல்தான். அப்படி அடைபட்டுக் கிடந்த சில ஆயிரம் இளைஞர்களுக்கு 1894ல் தொடங்கிய கால்பந்து அணிதான் எல்லாமாக இருந்தது. இன்று 70,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். படையில் இருப்பவர்கள் அதில் சிறு பகுதிதான். ஆனால் அந்தச் சிறு பகுதி பழகிய பழக்கங்களைத்தான் மீதிப் பேரும் விரும்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் ஆள் என்பது யார்?

இந்த அணியின் கதை இவரிடம்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1922 ஜனவரி 2. டல்லாஸ் நகரில் டிக்ஸி கிளாசிக் என்ற போட்டி. எதிரணி, கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த சென்டர் கல்லூரி. கல்லூரி சிறியதுதான், அணி பயங்கரமானது. சில வாரங்களுக்கு முன்புதான் ஹார்வர்டை 6-0 என்று தோற்கடித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார்கள். ஏ அண்ட் எம் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் இல்லை.

ஆட்டம் கடுமையாகப் போயிற்று. ஏ அண்ட் எம் வீரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு வெளியே வர, மாற்று ஆட்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள். பயிற்சியாளர் டானா எக்ஸ். பைபிளுக்கு ஒருவரின் நினைவு வந்தது. ஈ. கிங் கில். அந்த ஆண்டு கால்பந்து அணியில் இருந்துவிட்டு, பருவம் முடிந்ததும் கூடைப்பந்துக்குப் போய்விட்ட இரண்டாம் ஆண்டு மாணவர். அன்று ஆட வந்தவர் இல்லை. நிருபர்கள் உட்காரும் இடத்தில் நின்று, களத்தில் யார் யார் என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். பைபிள் ஆள் அனுப்பிக் கீழே கூப்பிட்டார். உதிரிச் சீருடை எதுவும் இல்லை. பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில் போய், காயம்பட்ட ஹைனி வியரின் சீருடையை வாங்கிப் போட்டுக்கொண்டார் கில். அவர் போட்டுவந்த உடுப்பு வியருக்குப் போயிற்று.

அப்புறம் களத்தின் ஓரத்தில் வந்து நின்றார். ஆட்டம் முடியும்வரை நின்றார். ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. விசில் ஊதியபோது அந்தப் பக்கம் ஆடத் தயாராக மிச்சம் இருந்த ஒரே ஆள் கில்தான். அவரை ஒரு நிமிடம்கூட உள்ளே இறக்கவில்லை. அந்தப் பந்தை அவர் தொடவே இல்லை.

வெற்றி டச்டவுன் அடித்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அணிக்குத் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று நின்றதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை என்று கில்லே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். படிப்பு முடித்து மருத்துவரானார். 1939ல் அவர் கதையை வைத்து ஒரு வானொலி நாடகம் வந்த பிறகுதான் பன்னிரண்டாம் ஆள் என்ற பேச்சு எங்கும் பரவியது. இன்று அணியின் சொந்த மைதானமான கைல் ஃபீல்ட் அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது.

எத்தனையோ அணிகள் நட்சத்திர வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கின்றன. ஆடாமல் நின்றவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அணி என்பதாலேயே எனக்கு இது தனியாகத் தெரிகிறது.

அதற்காகத்தான் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நிற்கிறார்களா?

ஆமாம். மாணவர் பகுதியில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் ஆட்டம் தொடங்கியதிலிருந்து கடைசிப் பாட்டு முடியும்வரை நிற்கிறார்கள். கூப்பிட்டால் நாங்களும் வருவோம் என்பது அதன் அர்த்தம். செப்டம்பர் மாத டெக்சஸ் வெயிலில் மூன்றரை மணி நேரம் நிற்பது லேசான காரியம் இல்லை. அணி 30 புள்ளி பின்தங்கியிருந்தாலும் நிற்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

இந்த எண்ணத்தை 1983ல் பயிற்சியாளர் ஜாக்கி ஷெரில் நிஜமாகவே களத்தில் இறக்கினார். ஆட்டத்தில் பந்தை எதிரணிக்கு உதைத்துவிட்டு, எடுத்து ஓடிவருபவரை மறிக்க ஓடும் கிக்ஆஃப் குழு ஒன்று உண்டு. முழு வேகத்தில் மோதவேண்டிய ஆபத்தான வேலை. உதைப்பவர் போக மீதி 10 பேரும் விளையாட்டுக்கான உதவித்தொகை எதுவும் இல்லாத சாதாரண மாணவர்களாக இருக்கட்டும் என்றார் ஷெரில். அறிவிப்பைப் பார்த்து நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நின்றார்கள். பலரும் இது நடக்காது என்றார்கள். சொந்த மைதானத்தில் அந்தக் குழுவை மீறி எதிரணி ஒரே ஒரு முறைதான் டச்டவுன் வரை ஓடியது, 1990ல் டெக்சஸ் டெக்குக்கு எதிராக. அடுத்து வந்த பயிற்சியாளர் ஆர். சி. ஸ்லோகம் அதைச் சுருக்கி, உதவித்தொகை இல்லாத ஒரு மாணவருக்கு மட்டும் 12ஆம் எண் சட்டை என்று ஆக்கினார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்தச் சட்டை யாருக்கு என்பது இங்கே பெரிய செய்தி.

சியாட்டில் அணிகூட இதே பெயரைப் பயன்படுத்தியதே?

பெயர் ஏ அண்ட் எம் பதிவுசெய்த வணிகச் சின்னம். 2006ல் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி மேல் வழக்குப் போட்டார்கள். பிறகு உரிமம் வாங்கிப் பயன்படுத்துவது என்று சமரசம் ஆனது. ரசிகரைப் பன்னிரண்டாம் ஆள் என்று சொல்லும் வழக்கம் ஏ அண்ட் எம்முக்கு முன்பே வேறு இடங்களில் இருந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கில்லின் கதைதான் இவர்களுக்கு மட்டும் உரியது.

சியர் லீடர்கள் ஏன் இல்லை? வெள்ளை உடை போட்டவர்கள் யார்?

அவர்கள் யெல் லீடர்கள். ஐந்து பேர்: நான்காம் ஆண்டு மாணவர் மூவர், மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர். மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தல் சூடாகவே நடக்கும். குட்டிக்கரணம், நடனம், இசை எதுவும் கிடையாது. கையால் ஒரு சைகை காட்டுவார்கள். அந்தச் சைகை வரிசை வரிசையாகப் பின்னால் கடந்து மேல் தளம்வரை போகும். பிறகு அத்தனை பேரும் இடுப்பை வளைத்து, முழங்காலில் கை ஊன்றி, ஒரே குரலில் முழங்குவார்கள். குனிந்தால் குரல் நன்றாக வெளியே வரும் என்பது அவர்கள் கணக்கு. ஐந்தே பேர் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு லட்சம் பேர் கொண்ட கூட்டத்தை நடத்துவதைப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் மிட்நைட் யெல். 1930களின் தொடக்கத்தில் படை விடுதிகளில் ஆரம்பித்தது. இப்போது அரங்கத்திலேயே நடக்கிறது, சில ஆட்டங்களுக்கு 25,000 பேர் வரைகூட வருகிறார்கள். முழக்கங்களைப் பழகுவார்கள், எதிரணியை வைத்துக் கதை சொல்லுவார்கள், கடைசியில் விளக்கை அணைப்பார்கள். இருட்டில் துணைக்கு முத்தம் தரலாம். துணை இல்லாதவர்கள் லைட்டரைப் பற்றவைத்துக் காட்டினால், அதேபோல வெளிச்சம் காட்டும் இன்னொருவரைத் தேடிப் போகலாம். இப்போதெல்லாம் செல்போன் வெளிச்சம்தான்.

ஜெயித்தால் முதலாம் ஆண்டு மாணவர்கள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வளாகத்து நீரூற்றில் போடுவார்கள். தோற்றால் கூட்டம் உடனே கலையாது. அங்கேயே நின்று அடுத்த ஆட்டத்துக்கு முழக்கம் பழகுவார்கள்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது எதற்கு?

1930ல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். அவர்கள் சின்னம் கொம்புத் தவளை. முந்தைய நாள் கூட்டத்தில் பிங்கி டவுன்ஸ் என்ற பழைய மாணவர், அந்தத் தவளைகளை என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு, தவளை குத்தும் ஈட்டியின் பெயரைச் சொல்லி, குத்துங்கள் என்று கட்டைவிரலை நீட்டினார். அதுதான் இன்றைக்கும் நிற்கும் சைகை.

ரெவலி என்ற நாய்க்கு ஏன் இவ்வளவு மரியாதை?

1931ல் சில மாணவர்கள் நவசோட்டா என்ற பக்கத்து ஊரிலிருந்து திரும்பும் வழியில், ஒரு கறுப்பு வெள்ளைக் குட்டி நாய்மீது காரை இடித்துவிட்டார்கள். விடுதியில் விலங்குகளுக்கு இடமில்லை. இருந்தும் வைத்தியம் பார்ப்பதற்காக ஒளித்துக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை எழுப்பும் பியூகிள் ஒலித்ததும் நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பியூகிள் இசையின் பெயரையே நாய்க்கும் வைத்தார்கள். அடுத்த பருவத்தில் பேண்டு வாத்தியக் குழுவுக்கு முன்னால் தானாகவே ஓடி மைதானத்துக்குள் போனது. அணிக்குச் சின்னம் கிடைத்துவிட்டது.

முதல் ரெவலி 1944ல் இறந்தது. ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். மூன்றாம் ரெவலி முதல் எல்லாமே ரஃப் காலி வகை. இப்போது இருப்பது பத்தாம் ரெவலி. படையிலேயே உயர்ந்த பதவி அதற்குத்தான். ஈ-2 என்ற குழு பார்த்துக்கொள்கிறது, ஒரு மாணவர் எந்நேரமும் கூடவே இருப்பார். வகுப்புக்கும் வரும். ரெவலி ஒருவர் கட்டிலில் படுத்துவிட்டால் அவர் தரையில் படுக்க வேண்டும். வகுப்பில் குரைத்தால் வகுப்பைக் கலைத்துவிட வேண்டும் என்றும் ஒரு வழக்கம் சொல்கிறார்கள்.

இறந்த ரெவலிகளின் கல்லறைகள் அரங்கத்தின் வடக்கு வாசலில் இருக்கின்றன. ஸ்கோர் பலகையை எப்போதும் பார்க்கும்படி புதைப்பது வழக்கம். அரங்கத்தை விரிவாக்கியபோது பார்வை மறைந்துவிட்டது. உடனே கல்லறைகளுக்கு எதிரே தனியாக ஒரு சின்ன ஸ்கோர் பலகை வைத்துவிட்டார்கள். அந்த வழியாகப் போனால் நின்று பாருங்கள்.

இடைவேளையில் வரும் பேண்ட்?

1894ல் செருப்புத் தொழிலுக்கு வந்த ஜோசஃப் ஹோலிக் தொடங்கியது. இன்று சுமார் 400 பேர், அத்தனை பேரும் படையைச் சேர்ந்தவர்கள். சினிமாப் பாட்டு, நடனம் கிடையாது. நேர்கோட்டு ராணுவ நடைதான். ஆனால் எதிரெதிரே வரும் வரிசைகள் ஒன்றையொன்று ஊடுருவி மோதாமல் கடந்துபோகும் இடம் ஒன்று வரும். கண் எடுக்க முடியாது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்துடன் அப்படி என்ன பகை?

ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம் மாநிலத்தின் பெரிய வீட்டுப் பிள்ளை. ஏ அண்ட் எம் கிராமத்துப் பிள்ளை. 1894ல் மோதிய முதல் ஆட்டத்தில் டெக்சஸ் 38-0 என்று ஜெயித்தது. மொத்தக் கணக்கிலும் இன்றுவரை டெக்சஸ் கை ஓங்கித்தான் இருக்கிறது.

1915ல் ஏ அண்ட் எம் 13-0 என்று ஜெயித்தது. 1917ல் சில ஏ அண்ட் எம் ஆட்கள் ஆஸ்டினுக்குப் போய், டெக்சஸ் அணியின் சின்னமான நீளக்கொம்புக் காளையின் விலாவில் 13-0 என்று சூடுபோட்டுவிட்டு வந்தார்கள். அந்த எண்களை ஒட்டவைத்து மாற்றித்தான் காளைக்குப் பீவோ என்ற பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது, அது உண்மையில்லை. பெயர் அதற்கு முன்பே இருந்தது. 1920ல் அந்தக் காளையை விருந்தாகச் சமைத்தபோது ஏ அண்ட் எம் ஆட்களையும் அழைத்து, 13-0 இருந்த தோலை அவர்களிடமே கொடுத்தார்கள். பகையிலும் இப்படி ஒரு முறை இருந்திருக்கிறது.

ஏ அண்ட் எம் அணியின் போர்ப் பாட்டை எழுதியவர் பிங்கி வில்சன் என்ற மாணவர். முதல் உலகப் போர் முடிந்த சமயம் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் காவலில் இருந்தபோது எழுதினார். பாட்டு பாதிக்குமேல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைத் திட்டுவதுதான். கடைசியில் காளைக் கொம்பை அறுப்பதுபோல், எல்லோரும் பக்கத்தில் நிற்பவர் தோளில் கைபோட்டு, வரிசைக்கு வரிசை எதிர்த்திசையில் அசைவார்கள். மேல் தளம் ஆடுவது காலில் தெரியும்.

2011ல் டெக்சஸ் கடைசி நொடியில் அடித்த ஃபீல்ட் கோலில் 27-25 என்று ஜெயித்தது. அத்தோடு தொடர் நின்றது. 2012ல் ஏ அண்ட் எம், எஸ்.இ.சி. என்ற தென்கிழக்கு மாநில லீகுக்குப் போய்விட்டது. எதிராளியுடன் ஆட்டமே இல்லாத அந்த ஆண்டுகளிலும் இவர்கள் அதே பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். 2024ல் டெக்சஸும் அதே லீகில் சேர, நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டில் மறுபடியும் மோதினார்கள். டெக்சஸ் 17-7.

பான்ஃபயர் என்றால் என்ன? ஏன் நின்றது?

டெக்சஸுடன் ஆட்டத்துக்கு முன்பு, கார்த்திகைச் சொக்கப்பனை மாதிரி, ஆனால் அதைவிடப் பல மடங்கு உயரத்தில் மரங்களை அடுக்கிக் கொளுத்துவார்கள். 1900களின் முதல் பத்தாண்டில் குப்பையும் பெட்டிப் பலகையும் குவித்துக் கொளுத்தியதில் தொடங்கியது. பிறகு மாணவர்களே காட்டுக்குப் போய் கோடாரியால் மரம் வெட்டி, தோளில் சுமந்து, வாரக்கணக்கில் கட்டும் பெரிய வேலையாக மாறியது. 1969ல் உயரம் 109 அடி. அதன் பிறகு 55 அடி என்று வரம்பு வைத்தார்கள். 1963ல் மட்டும், ஜனாதிபதி கென்னடி கொலையானதால், கட்டியதை எரிக்காமல் பிரித்துவிட்டார்கள்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2:42. ஏறக்குறைய 5,000 மரங்கள், 59 அடி உயரம். மாணவர்கள் மேலே ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் 11 பேர் மாணவர்கள், ஒருவர் பழைய மாணவர். மரங்களைக் கண்டபடி இழுத்தால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள் மேல் சரியும் என்பதால், பெரும்பகுதியைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கால்பந்து வீரர்கள் பயிற்சியை விட்டுவிட்டு வந்து மரம் சுமந்தார்கள்.

ஆட்டத்தை நிறுத்தவில்லை. நவம்பர் 26 அன்று 86,000க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் நடந்தது. இடைவேளையில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பேண்ட் இரங்கல் இசை வாசித்தது. பிறகு அவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்து வெளியேறினார்கள். நூறாண்டுப் பகையாளிகளுக்காக அரங்கமே எழுந்து நின்றது. இடைவேளையில் 16-6 என்று பின்தங்கியிருந்த ஏ அண்ட் எம் கடைசியில் 20-16 என்று வென்றது. இந்த அணி ஜெயித்த எந்தக் கோப்பையையும்விட இந்த ஒரு மதியத்தைத்தான் பழைய மாணவர்கள் அதிகம் பேசுகிறார்கள்.

பிறகு வந்த விசாரணைக் குழு, மேல் அடுக்கு மரங்களைக் கீழ் அடுக்குக்குள் ஆப்புபோல் செருகியதும், அந்த அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குக் கீழ் அடுக்கைக் கட்டாததும் காரணம் என்றது. இவ்வளவு பெரிய கட்டுமானத்தைப் பொறியாளர் மேற்பார்வை இல்லாமல் மாணவர்கள் கையில் விட்டதும் தவறு என்றது. என் கருத்தும் அதுதான். பாரம்பரியம் என்ற பெயரால் யாரும் கேள்வி கேட்காமல் விட்டதன் விலை 12 உயிர்.

பல்கலைக்கழகம் பான்ஃபயரை நிறுத்திவிட்டது. வளாகத்துக்கு வெளியே சில மாணவர்கள் தனியாக, வேறு வடிவத்தில் கட்டுகிறார்கள். டெக்சஸ் ஆட்டம் திரும்பியதும் மறுபடியும் நடத்தலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்று 2024ல் பல்கலைக்கழகத் தலைவர் முடிவு செய்தார். சரியான முடிவு.

சரிந்த இடத்தில் 2004ல் நினைவிடம் திறந்தார்கள். வட்டமாக 12 வாசல்கள், ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசை பார்த்து நிற்கிறது. வாசலுக்குள் நின்றால் அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தான், வந்தாள் என்ற திசையைப் பார்த்தபடி நிற்பீர்கள்.

அரங்கம் சிவப்பு, வெள்ளை, நீலமாக மாறிய படம் எப்போது எடுத்தது?

2001 செப்டம்பர் 22, ஓக்லஹோமா ஸ்டேட் அணியுடன் ஆட்டம். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஐந்து மாணவர்கள் சேர்ந்து, மேல் தளம் சிவப்பு, நடுத்தளம் வெள்ளை, கீழ்த்தளம் நீலம் என்று டி-ஷர்ட் போடலாம் என்று கிளப்பிவிட்டார்கள். ஒரு சட்டை 5 டாலர். சில நாட்களில் 70,000 சட்டைகள் விற்றுத் தீர்ந்தன. அரங்கமே தேசியக் கொடி நிறத்தில் நின்றது. லாபம் நியூயார்க் தீயணைப்பு, காவல் துறை நிவாரண நிதிகளுக்குப் போயிற்று.

எல்லாம் சரி, அணி ஆட்டத்தில் எப்படி?

நல்ல அணி, மகத்தான அணி என்று சொல்ல முடியாது. 1919ல் 10 ஆட்டத்திலும் ஜெயித்து, மொத்தம் 275 புள்ளி எடுத்து, எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூடத் தரவில்லை. பயிற்சியாளர் அதே டானா எக்ஸ். பைபிள். 1939ல் ஹோமர் நார்ட்டன் பயிற்சியில் தோல்வியே இல்லாமல் ஆடி, சுகர் பௌல் என்ற பருவ இறுதிப் போட்டியில் டுலேன் அணியை 14-13 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. அதற்குப் பிறகு அந்தப் பட்டம் வரவில்லை. ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1957ல் ஜான் டேவிட் குரோவும் 2012ல் ஜானி மேன்சியலும் வாங்கினார்கள். முதலாம் ஆண்டு வீரர் ஒருவர் அதை வாங்கியது மேன்சியல்தான் முதல் முறை. அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்த அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 29-24 என்று சாய்த்தார்கள். 2018ல் எல்.எஸ்.யு. என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியுடன் ஏழு கூடுதல் சுற்றுகள் போய் 74-72 என்று வென்ற இரவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1954ல் பயிற்சியாளராக வந்த பேர் பிரையன்ட், வீரர்களை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குக் கூட்டிப்போய் பத்து நாள் பயிற்சி கொடுத்ததை வீரக் கதையாகச் சொல்வார்கள். கொளுத்தும் வெயில், குடிக்கத் தண்ணீர் தரமாட்டார். சுமார் நூறு பேர் போய் 35 பேர் அளவில்தான் திரும்பினார்கள். அந்த ஆண்டு அணி 1 ஆட்டத்தில் ஜெயித்து 9ல் தோற்றது. 1956ல் அதே பிள்ளைகள் லீக் பட்டம் வென்றார்கள், உண்மைதான். இருந்தாலும் தண்ணீர் தராமல் ஓடவிடுவதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயில் தாக்கி விழுந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

பணமும் இப்போது அளவுக்கு மீறிப் போய்விட்டது. 2023ல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தம் முடியும் முன்பே அனுப்பியதில், அவருக்குத் தரவேண்டி வந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். ஒரு மாணவன் இரவல் சீருடையில் சும்மா நின்றதைக் கொண்டாடும் இடத்தில் இப்படி நடப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதல் முறை ஆட்டம் பார்க்கப் போகிறேன். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கைல் ஃபீல்டில் 1,02,733 பேர் அமரலாம். 1904ல் தோட்டக்கலைப் பேராசிரியர் எட்வின் ஜாக்சன் கைல், விவசாயச் சோதனைக்கு ஒதுக்கிய நிலத்தில் ஒரு துண்டை வேலிபோட்டு வளைத்ததுதான் இதன் ஆரம்பம். ஆட்ட நாளில் ஊரின் மக்கள்தொகையே கிட்டத்தட்ட இரண்டு பங்காகிவிடும். அதனால் பார்க்கிங் கிடைக்காது, முன்கூட்டியே போங்கள் அல்லது பேருந்து பிடியுங்கள்.

மெரூன் நிறச் சட்டை போடுங்கள். மாணவர் பகுதியில் இடம் என்றால் நல்ல ஷூ அவசியம், உட்காரலாம் என்ற எண்ணமே வேண்டாம். தொப்பி, சன்ஸ்கிரீன் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். பை கொண்டுபோவதானால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், மற்றவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதிரில் வருபவர் ஹவ்டி என்றால் நீங்களும் ஹவ்டி என்று சொல்லிவிட்டு நடங்கள். எதிரணியை ஊளையிட்டு அவமதிப்பது இங்கே வழக்கம் இல்லை. நம் அணி புள்ளி எடுத்தால் பக்கத்தில் இருக்கும் ஜோடிகள் முத்தமிட்டுக்கொள்வார்கள், அதுவும் மரபுதான். அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முழக்கங்களில் பாதி புரியாது. பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள், ஆசையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். முடிந்தால் முந்தைய இரவு மிட்நைட் யெல்லுக்குப் போய்விடுங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.